பெருக்கும் நேரம்: ஓயாத டேட்டாபேஸைப் பராமரிப்பது பற்றிச் சில குறிப்புகள்

ராத்திரி 11.45 ஆனால் ஐஆர்சிடிசி தளத்தில் டிக்கெட் போட முடியாது. 12.20 வரை கடை சாத்தியிருக்கும். போன மாசம் அம்மாவுக்குக் கும்பகோணம் டிக்கெட் போட மறந்து, படுக்கப் போகும்போது ஞாபகம் வந்து லேப்டாப்பைத் திறந்தால் மணி 11.47. "கவுண்ட்டர்ல உக்கார்றவங்க தூங்கப் போவாங்க, சரி. கம்ப்யூட்டருக்கு எதுக்குடா தூக்கம்?" என்று அம்மா கேட்டார். இருபது வருஷத்துக்கு மேல் டேட்டாபேஸோடு குடித்தனம் பண்ணும் எனக்கு அந்தக் கேள்விக்கு ரெண்டு வரியில் பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால் இந்தக் குறிப்பு.

ரயில்வே முன்பதிவு அமைப்பு ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டர் இல்லை. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என ஐந்து மையங்கள். சென்னையினுடையது சென்ட்ரல் பக்கத்தில், 1985ல் எரிந்துபோன பழைய மூர் மார்க்கெட்டின் பெயரைத் தாங்கி நிற்கும் வளாகத்தில் இருக்கிறது. எண்பதுகளில் தனித்தனியாக ஆரம்பித்த இந்த மையங்கள் 1999ல்தான் முழுசாக ஒன்றோடொன்று இணைந்தன. அதற்கு முன் மயிலாப்பூரில் இருந்துகொண்டு ஹவுராவிலிருந்து திரும்பி வரும் டிக்கெட்டை உறுதியாக வாங்குவது என்ன பாடு என்று என் வயசுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இந்த அமைப்பு தினமும் அரை மணி நேரம் மூடுவது நமக்குப் பழகிவிட்டது. ஆனால் 2021 நவம்பரில் நடந்தது கொஞ்சம் விசேஷம். கோவிட் காலத்தில் எல்லா எக்ஸ்பிரஸ் ரயில்களும் 'ஸ்பெஷல்' என்ற பேரில், எண்ணின் முதல் இலக்கம் பூஜ்யமாக ஓடின. 12637 பாண்டியன் எக்ஸ்பிரஸ் 02637 ஆகியிருந்தது. நவம்பரில் பழைய எண்களுக்கே திரும்புவது என்று முடிவானது. கேட்க எளிசு, ஒரு இலக்கத்தை மாத்தணும், அவ்வளவுதானே? ஆனால் அடுத்த பல வாரங்களுக்கு ஏற்கெனவே ஜனங்கள் டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ரயில், ஒவ்வொரு தேதி, ஒவ்வொரு பெட்டி, ஒவ்வொரு பயணிக்கும் பழைய எண்ணில் இருக்கும் பதிவைப் புது எண்ணுக்கு மாற்ற வேண்டும். பாதி மாறியிருக்கும்போது யாராவது ரத்து செய்தால், அந்த சீட் எந்த ரயிலுக்குத் திரும்பிப் போகும்?

ரயில்வே அமைச்சகம் எடுத்த வழி: நவம்பர் 14-15 இரவிலிருந்து 20-21 இரவு வரை ஏழு ராத்திரி, ஒவ்வொரு ராத்திரியும் 11.30லிருந்து விடிகாலை 5.30 வரை முன்பதிவு அமைப்பை மூடினார்கள். முன்பதிவு, ரத்து எதுவும் கிடையாது. அந்த ஆறு மணி நேரத்துக்குள் கிளம்பும் ரயில்களுக்கு சார்ட்டை முன்கூட்டியே போட்டுவிடச் சொன்னார்கள். 139 விசாரணை மட்டும் தொடர்ந்தது.

மொத்தம் 42 மணி நேரம். இதை ஒரே வீச்சில் சனி, ஞாயிறு மூடி முடித்திருக்கலாமே என்று கேட்கலாம். முடித்திருந்தால் சனிக்கிழமை காலை எழும்பூரில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொரு விஷயம், நடுவில் ஏதாவது தப்பானால் 42 மணி நேர வேலையையும் திருப்ப வேண்டியிருக்கும். ஏழு துண்டாக வெட்டினால் ஒவ்வொரு காலையும் அமைப்பு முழுசாக, சீராக எழுந்து நிற்கும். முதல் ராத்திரி கற்றதை ரெண்டாம் ராத்திரி பயன்படுத்தலாம். நம்ம அளவிலும் இதே சூத்திரம்தான். ஒரு கோடி பதிவை ஒரே டிரான்ஸாக்ஷனில் அப்டேட் செய்யாதீர்கள். ஐயாயிரம் ஐயாயிரமாகச் செய்து, ஒவ்வொரு தடவையும் கமிட் போட்டு, நடுவில் ஒரு மூச்சு விடுங்கள். மொத்த நேரம் அதிகமாகும், ஆகட்டும். மற்றவர்கள் காத்திருக்கும் நேரம் குறையும். நாம் சிக்கனம் பண்ண வேண்டியது அந்த நேரத்தைத்தான்.

ஆனால் இப்போது நிலைமை என்னவென்றால், ராத்திரியே காணாமல் போய்விட்டது.

நெஃப்ட் ஒரு காலத்தில் வேலை நாட்களில் காலை 8லிருந்து மாலை 7 வரைதான். வங்கிக்காரர்கள் அதற்கப்புறம் கதவைச் சாத்தி நாள் கணக்கை முடித்து, பேக்கப் எடுத்து, இண்டெக்ஸைச் சரி செய்து நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். 2019 டிசம்பர் 16லிருந்து நெஃப்ட் 24 மணி நேரமும், ஞாயிறும் தீபாவளியும் சேர்த்து. அரை மணிக்கு ஒரு தொகுப்பாக நாளுக்கு 48. ஒரு வருஷம் கழித்து, 2020 டிசம்பர் 14ல் ஆர்டிஜிஎஸ்ஸும் அப்படியே. இதில் எனக்குப் பிடித்தது ரிசர்வ் வங்கி அறிவிப்பில் இருந்த ஒரு சின்ன விதிவிலக்கு. 24 மணி நேரமும் உண்டு, ஆனால் 'நாள் முடிவு' வேலைக்கும் 'நாள் தொடக்க' வேலைக்கும் இடைப்பட்ட நேரம் நீங்கலாக. எவ்வளவு பெரிய அமைப்பாக இருந்தாலும் ஒரு தடவை மூச்சை உள்ளே இழுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

பெரிய தொழில்நுட்ப மேம்படுத்தல் வந்தபோது, ஆர்டிஜிஎஸ்ஸை 2021 ஏப்ரல் 18 ஞாயிறு நள்ளிரவிலிருந்து பகல் 2 மணி வரை நிறுத்தினார்கள். நெஃப்டை மே 23 ஞாயிறு, அதே மாதிரி நள்ளிரவிலிருந்து 2 மணி வரை. ரெண்டையும் ஒரே நாளில் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு வாசலை அடைத்து வேலை பார்க்கும்போது மற்றொரு வாசல் திறந்தே இருந்தது. இது பெரிய விஷயம். எனக்குத் தெரிந்த பல டீம்கள் முதன்மை சர்வரையும் அதன் ரெப்ளிகாவையும் ஒரே ராத்திரி 'ஒரே வேலையா முடிச்சிடலாம்' என்று தொட்டுவிட்டு, விடியும் வரை ரெண்டுமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். டேட்டாபேஸுக்கு எதற்குப் பராமரிப்பு?

போஸ்ட்கிரெஸை எடுத்துக்கொள்கிறேன், எனக்குக் கை பழகியது அதுதான். அதில் ஒரு பதிவை மாற்றினால் பழையது அழியாது. பழையது அப்படியே கிடக்க, பக்கத்தில் புதுசு எழுதப்படும். அந்த நேரத்தில் பழைய கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அருமையான ஏற்பாடுதான், ஆனால் செத்த பதிவுகள் குவியும். அதைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வேக்யூம் என்று பெயர். தானாக அதைச் செய்யும் பின்னணி ஆளுக்கு ஆட்டோவேக்யூம்.

குப்பை மட்டும் பிரச்சினை இல்லை. ஒவ்வொரு எழுதும் டிரான்ஸாக்ஷனுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. அது 32 பிட், அதாவது சுமார் 400 கோடி எண்கள்தான். தீர்ந்ததும் மறுபடி சுற்றி வரும். எந்த நேரத்திலும் பாதி எண்கள் 'கடந்தகாலம்', பாதி 'எதிர்காலம்'. ஒரு பழைய பதிவை 200 கோடி டிரான்ஸாக்ஷனுக்கு மேல் கவனிக்காமல் விட்டால், அது திடீரென்று எதிர்காலத்தில் எழுதப்பட்டதாகத் தோன்றி மறைந்துவிடும். அது நடக்கவிடாமல், பழைய பதிவுகளுக்கு 'இது என்றைக்கும் பழசுதான்' என்று முத்திரை குத்தி வைப்பதும் வேக்யூமின் வேலை. ஒரு டேபிளின் வயது 20 கோடி டிரான்ஸாக்ஷனைத் தாண்டினால், நீங்கள் ஆட்டோவேக்யூமை அணைத்து வைத்திருந்தாலும் அது எழுந்து வந்துவிடும். கெஞ்சினாலும் போகாது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

தி. நகரில் ஒரு துணிக்கடை. பெயர் வேண்டாம். 2015 பொங்கலுக்கு அவர்களுக்கு பில்லிங் அமைப்பு போட்டுக் கொடுத்தோம். முதல் மாசமே சாயங்கால நேரத்தில் கவுண்ட்டர் இழுக்கிறது என்று புகார். நான் போய்ப் பார்த்தேன். பில் விவரங்கள் இருக்கும் டேபிளில் ஆட்டோவேக்யூம் ஓடிக்கொண்டிருந்தது. 'இதுதான் ஆள்' என்று அந்த டேபிளுக்கு மட்டும் அதை அணைத்தேன். ராத்திரி கடை மூடினதும் கையால் ஓட்டும் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதிவிடலாம், அடுத்த வாரம். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. அன்றைக்கு உண்மையில் இழுத்தது மேலாளர் ஆறு மணிக்கு எடுக்கும் ஸ்டாக் ரிப்போர்ட் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. நான் அளந்து பார்க்கவில்லை, கண்ணில் பட்டதைப் பிடித்து உள்ளே போட்டேன்.

2018 தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம். ரங்கநாதன் தெருப் பக்கம் அந்த நாளில் போனவர்களுக்குத் தெரியும், நாம் நடக்கிறோமா, கூட்டம் நம்மைத் தூக்கிப் போகிறதா என்றே தெரியாது. கடையில் புது காம்போ ஆஃபர் ஒன்று. அதற்காக பில் டேபிளில் ஒரு புது காலம் சேர்க்க வேண்டும் என்றார் எங்கள் டீம் பையன். ஒரு நொடி வேலைதானே, போடு என்று சொன்னது நான். போட்டார். எல்லா கவுண்ட்டரும் நின்றுவிட்டது.

நடந்தது இது. நாளுக்குச் சராசரியாக ஒரு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம் டிரான்ஸாக்ஷன் என்று போய்க்கொண்டிருந்த டேபிள், கிட்டத்தட்ட நாலு வருஷத்தில் அந்த 20 கோடியைத் தொட்டுவிட்டது. கட்டாய வேக்யூம் எழுந்து ஓட ஆரம்பித்திருந்தது. இது எண்ணிக்கையால் தூண்டப்படுவது, கடிகாரத்தால் அல்ல. அதனால் வியாபாரம் உச்சத்தில் இருக்கும் நாளில்தான் எல்லையைத் தாண்டும் வாய்ப்பு அதிகம். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை வந்தது துரதிர்ஷ்டம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது வரவேண்டிய நாளில்தான் வந்தது.

வேக்யூம் ஓடும்போது பில் போடலாம், படிக்கலாம், எதுவும் தடையில்லை. ஆனால் டேபிளின் அமைப்பையே மாற்றும் கட்டளைக்கு முழுப்பூட்டு வேண்டும். அது வேக்யூம் முடியட்டும் என்று வரிசையில் நின்றது. அது நின்றதும், அதற்குப் பின்னால் வந்த ஒவ்வொரு பில்லும் அதன் பின்னால் நிற்க ஆரம்பித்தது. தானா ஓடும் சாதாரண வேக்யூம் என்றால், யாராவது இப்படிக் காத்திருப்பது தெரிந்தால் ஒரு நொடியில் ஒதுங்கி வழிவிட்டுவிடும். இந்தக் கட்டாய வேக்யூம் ஒதுங்காது. 2015 ஜூலையில் ஜாயென்ட் நிறுவனத்தின் மாண்டா சேமிப்புச் சேவை விழுந்ததும் ஏறக்குறைய இதே முடிச்சில்தான். அவர்கள் அதை விலாவாரியாக எழுதி வைத்திருந்தார்கள். நான்தான் படித்திருக்கவில்லை.

பதற்றத்தில் வேக்யூமைக் கொன்றேன். அதுதான் அன்றைய பெரிய தப்பு. வழி கிடைத்ததும் முன்னால் நின்ற காலம் சேர்க்கும் கட்டளை முழுப்பூட்டை எடுத்துக்கொண்டது. நாங்கள் வைத்திருந்தது 9.6 பதிப்பு. அதில், ஆரம்ப மதிப்போடு ஒரு காலம் சேர்த்தால் டேபிள் முழுவதையும் திரும்ப எழுதும். 70 ஜிபி. (அதே வருஷம் அக்டோபரில் வந்த 11ஆம் பதிப்பில் இந்தத் தலைவலி தீர்ந்தது. ரெண்டு வாரம் முன்னால்!) பத்து நிமிஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அந்தக் கட்டளையை நிறுத்தினேன். கவுண்ட்டர்கள் உடனே உயிர் பெற்றன. மொத்தம் நாற்பது நிமிஷம். அதற்குள் கையால் பில் எழுதினார்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள் துணியை வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு கவுண்ட்டர் பெண்ணைக் கூட்டத்தில் யாரோ கண்டபடி திட்டி, அவர் அழுததாக மறுநாள் கேள்விப்பட்டேன். அந்தப் பெண்ணுக்கும் என் 'அடுத்த வார' ஸ்கிரிப்டுக்கும் உள்ள சம்பந்தம் அவருக்குத் தெரியாது.

வேக்யூம் ஒரு நிமிஷத்துக்குள் தானாகத் திரும்ப எழுந்து, முதலிலிருந்து ஆரம்பித்தது. இந்த முறை தொடவில்லை. அது பாட்டுக்கு ஓடியது, கவுண்ட்டரும் பாட்டுக்கு ஓடியது. யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை!

ஏன் தெரியவில்லை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஆட்டோவேக்யூமுக்கு ஒரு பட்ஜெட் உண்டு. டிஸ்கிலிருந்து ஒரு பக்கம் எடுத்தால் 10 புள்ளி, அதை மாற்றினால் இன்னும் 20. 200 புள்ளி சேர்ந்தால் 20 மில்லிசெகண்ட் தூங்க வேண்டும். இது அந்தக் காலத்து அளவு. ஒரு பக்கத்துக்கு 30 புள்ளி என்றால் ஒரு தவணைக்கு ஆறேழு பக்கம், நொடிக்கு 333 பக்கம். பக்கம் 8 கேபி, ஆக நொடிக்கு சுமார் 2.6 எம்பி. சாதாரண டிஸ்கே அதைப் பொருட்படுத்தாது. ஆனால் 70 ஜிபியை இந்த வேகத்தில் கடக்க ஏழரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், இண்டெக்ஸ் தனி. சனிக்கிழமையன்று ஏழரை என்பதை என் நண்பர் ஒருவர் ரசித்துச் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடிகாலை நாலு மணிக்கு முடிந்தது.

2019ல் வந்த 12ஆம் பதிப்பில் தூக்கத்தை 2 மில்லிசெகண்டாகக் குறைத்தார்கள். அதாவது பத்து மடங்கு வேகம். ஆட்டோவேக்யூம் இழுக்கிறது என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான பிரச்சினை அது மெதுவாக ஓடுவதுதான். இன்னொரு பொறி: வேகம் போதவில்லை என்று ஆட்களை மூன்றிலிருந்து ஆறாக உயர்த்துவார்கள். பட்ஜெட் மொத்தத்துக்கும் ஒன்றுதான், ஆறு பேரும் அதைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒவ்வொருவரும் பாதி வேகத்தில் நடப்பார்கள். ஆளை ஏற்றுவதற்கு முன் பட்ஜெட்டை ஏற்றுங்கள்.

அதை விட முக்கியம், எப்போது பெருக்குவது என்பது. இயல்பாக ஒரு டேபிளில் ஐந்தில் ஒரு பங்கு செத்த பிறகுதான் ஆட்டோவேக்யூம் வரும். பத்து கோடி பதிவு இருந்தால் ரெண்டு கோடி குப்பை சேரும் வரை காத்திருக்கும். பெரிய டேபிளுக்கு மட்டும் அதை நூறில் ஒன்றாக்குங்கள். பத்து லட்சத்துக்கு ஒரு தடவை வந்து சட்டென்று முடித்துப் போய்விடும். வெறுமனே சேர்த்துக்கொண்டே போகும் டேபிள்களை 13ஆம் பதிப்புக்கு முன் ஆட்டோவேக்யூம் எட்டிக்கூடப் பார்க்காது, கட்டாயம் வரும் வரை. பழைய பதிப்பில் இருப்பவர்கள் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

திங்கட்கிழமை அந்தக் கடை முதலாளியைப் பார்க்கப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். "தம்பி, கூட்டம் போனப்புறம்தானே நாங்க கடையைப் பெருக்குறோம், உங்க ஆளு ஏன் கூட்டத்துல விளக்குமாத்தைத் தூக்கிட்டு வந்தான்?" என்று கேட்டார். "நாலு வருஷமா நான் பெருக்கவே விடலண்ணாச்சி" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு டீ வரவழைத்தார்.

இண்டெக்ஸ் விஷயம் சுருக்கமாக. பழைய முறையில் இண்டெக்ஸ் கட்டினால் முடியும் வரை யாரும் எழுத முடியாது. தடையில்லாமல் கட்டும் வழி ரொம்ப காலமாக உண்டு, 12ஆம் பதிப்பிலிருந்து திரும்பக் கட்டவும் உண்டு. லஸ் பக்கம் போக்குவரத்தைத் திருப்பிவிட்டு மெட்ரோ தோண்டுகிற மாதிரி: இரட்டிப்பு வேலை, நீண்ட நாள், ஆனால் ஊர் நடமாடும். நடுவில் நின்றுபோனால் அரைகுறை இண்டெக்ஸ் ஒன்று செல்லாததாகக் கிடக்கும், எழுதும் வேகத்தையும் தின்னும். தேடி எடுத்துப் போட வேண்டும்.

நேரம் குறிப்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆரக்கிளில் 11ஜி முதல் தானியங்கிப் பராமரிப்புக்கு இயல்பான நேரம்: திங்கள் முதல் வெள்ளி ராத்திரி 10லிருந்து நாலு மணி நேரம், சனி ஞாயிறு காலை 6லிருந்து இருபது மணி நேரம். அதாவது சனி ஞாயிறு ஆபீஸ் லீவு என்று நினைத்துக்கொண்டு யாரோ எழுதியது. தி. நகர்க் கடைக்கு சனி ஞாயிறுதான் வாழ்க்கையே. இன்னொரு தடவை, அடையாறில் ஒரு அலுவலகத்தில் சர்வரின் நேர மண்டலம் அமெரிக்க மேற்குக் கரையில் விட்டுவைக்கப்பட்டிருந்தது. அங்கே ராத்திரி 10 என்றால் இங்கே காலை பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. தினமும் காலையில் ஏன் இழுக்கிறது என்று மாசக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பராமரிப்பு நேரத்தை நிர்ணயிக்கும்போது பக்கத்தில் ஒரு தினக்காலண்டரை வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி. ஆடித் தள்ளுபடி, முகூர்த்த நாள், அட்சய திருதியை எல்லாம் எந்த செட்டிங்கிலும் இருக்காது.

அந்தத் துணிக்கடை இப்போதும் எங்களிடம்தான் இருக்கிறது. பெரிய டேபிள் மாசத்துக்கு ஒன்றாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. பழைய மாசத்தை நீக்க ஒவ்வொரு பதிவாக அழிப்பதில்லை, அந்தத் துண்டையே கழற்றிவிடுகிறோம், குப்பையே விழாது. டேபிள் அமைப்பை மாற்றும் எந்தக் கட்டளைக்கும் மூன்று நொடி கெடு. பூட்டு கிடைக்காவிட்டால் தோற்றுத் திரும்பி, ஒரு நிமிஷம் கழித்து மறுபடி முயலும், யாரையும் பின்னால் நிற்கவைக்காது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் திறந்து வைத்துவிட்டுச் சும்மா இருக்கும் டிரான்ஸாக்ஷன் தானாக வெட்டப்படும். அப்படி ஒன்று திறந்து கிடந்தால் எத்தனை தடவை பெருக்கினாலும் குப்பை போகாது. பொங்கல் கழிந்து கூட்டம் அடங்கியதும் ஒரு ராத்திரி, எல்லா டேபிளுக்கும் முத்திரை குத்தும் வேலையைக் கையாலேயே ஓட்டிவிடுகிறோம். தினமும் காலை ஏழு மணிக்கு ஒவ்வொரு டேபிளின் வயதும் என் போனுக்கு வருகிறது. இன்றைக்கு அதிகபட்சம் 3 கோடியே 12 லட்சம்.

அம்மாவின் டிக்கெட்டை 12.21க்குப் போட்டேன். லோயர் பெர்த் கிடைத்தது.